தெரியாதவர்கள் முதலில் வாருங்கள்

(கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த மாணவர்களுக்காக ஆயக்குடியில் ஆற்றிய சொற்பொழிவு)



‘கல்லூரியும் இசையும்’ என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். பெரிய தலைப்பு. அதை நான் கொஞ்சம் சுருக்கிக்கொள்கிறேன். பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியத்தையும் தொட்டதில்லை. வீட்டில் பாட்டு வாத்தியார் வைத்ததில்லை. குளியலறையில் பாடினால்கூட ‘தண்ணியை நிறுத்துடா’ என்று அதட்டல்தான் வந்தது. இப்படிப்பட்ட ஒரு பிள்ளை, பதினேழு பதினெட்டு வயதில் கல்லூரிக்குள் நுழைகிறது. அந்தப் பிள்ளைக்கும் இசைக்கும் சம்பந்தம் உண்டா, உண்டு என்றால் எந்த வாசல் வழியாக உள்ளே போவது? இதுதான் இன்றைக்கு என் பேச்சு.

கல்லூரி ஒன்றில் நுண்கலை மன்றத்தைப் பல ஆண்டு கவனித்துக்கொண்டவன் நான். ஒவ்வோர் ஆண்டும் ஒரே காட்சி. முதலாண்டு வகுப்புக்குள் மூன்றாமாண்டு மாணவர்கள் வருவார்கள். ‘பாடத் தெரிஞ்சவங்க யார் யார்? கை தூக்குங்க’ என்பார்கள். மூன்று கைகள் மேலே போகும். மற்றவர்கள் தலை கீழே போகும். அந்த மூன்று பேரின் பெயரை எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். அவ்வளவுதான், அந்த வகுப்பின் இசைக்கணக்கு முடிந்தது!

நான் கேட்கிறேன். கணக்குத் துறையில் சேர வந்த பிள்ளையிடம் ‘உனக்குக் கணக்கு எல்லாம் தெரியுமா? தெரிந்தால் மட்டும் உட்கார்’ என்று யாராவது சொல்கிறோமா? தெரியாததைக் கற்கத்தானே கல்லூரி? பிறகு இசைக்கு மட்டும் ஏன் தெரிந்தவர்களைத் தேடுகிறோம்? கேட்க வேண்டிய கேள்வி, ‘பாட ஆசை இருக்கிறவர்கள் யார்?’ என்பது. அப்படிக் கேட்டுப் பாருங்கள். வகுப்பில் பாதிக் கை உயரும். மீதிப் பாதி, பக்கத்தில் இருப்பவன் தூக்குகிறானா என்று பார்த்துக்கொண்டிருக்கும்.

சரி, ‘ஒன்றும் தெரியாது’ என்கிறீர்களே, அதையே நான் ஒப்புக்கொள்ளவில்லை. நீங்கள் எந்த ஊர்க்காரர்கள்? தை மாதம் பிறந்தால் உங்கள் ஊர்ச் சாலையில் யார் நடக்கிறார்கள்? திண்டுக்கல் பக்கமிருந்து ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்குப் போகிற பாதயாத்திரைக் கூட்டம் உங்கள் வாசலைத் தொட்டுத்தானே போகிறது? இரவில் படுத்திருக்கிறீர்கள். தூரத்தில் ஓர் உறுமி. அதன் மேல் தவில். அதன் மேல் காவடிக்காரர்களின் கால் சலங்கை. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, நாற்பது பேர் வாங்கிப் பாடுகிறார்கள். நெருங்கி வருகிறது, வாசலில் நிற்கிறது, தேய்ந்து போகிறது. பிறந்ததிலிருந்து ஆண்டுதோறும் இதைக் கேட்டு வளர்ந்த காது உங்களுடையது. தைப்பூசம் போனால் பங்குனி உத்திரம். நகரத்துப் பிள்ளைகள் பணம் கட்டிக் கற்க வேண்டிய காலப்பிரமாணம் உங்களுக்குத் தூக்கத்திலேயே ஊறியிருக்கிறது.

நம்பிக்கை வரவில்லையா? இப்போதே சோதித்துப் பார்ப்போம். எல்லோரும் வலது கையை எடுங்கள். பெரியவர்களும்தான். தொடையில் ஒரு தட்டு. பிறகு சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல். ஆயிற்றா, நான்கு. மறுபடி ஒரு தட்டு, ஒரு வீச்சு. இன்னொரு தட்டு, இன்னொரு வீச்சு. மொத்தம் எட்டு. (அவையினர் தாளம் போடுகின்றனர்.) வேகப்படுத்தாதீர்கள்! பின்வரிசை ஓடுகிறது. நடக்கிற நடையில் போடுங்கள். இப்போது வாயால் சொல்லுங்கள்: தகதிமி, தகதிமி, தகதிமி... அப்படித்தான். இது ஆதி தாளம். உலகத்தின் எந்தக் கச்சேரிக்குப் போனாலும் இதை வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்காரலாம். கற்றுக்கொள்ள எத்தனை நேரம் ஆனது? எவ்வளவு செலவானது?

தாளத்தில் தொடங்கினேன், காரணம் இருக்கிறது. தாளத்துக்கு உலகறிந்த ஒரு முகவரி உண்டு. அந்த முகவரியில் உங்கள் பக்கத்து ஊர்ப் பெயர் இருக்கிறது. பழனி சுப்பிரமணிய பிள்ளை. இந்தப் பெயரை இங்கே எத்தனை பேர் கேட்டிருக்கிறீர்கள்? பெரியவர்கள் சிலர் தலையாட்டுகிறார்கள். மாணவர்கள் பக்கம் ஓர் அசைவும் இல்லை. பரவாயில்லை, அதற்காகத்தான் வந்தேன்.

கர்நாடக இசையில் மிருதங்கம் என்று பேசினால் விரல்விட்டு எண்ணும் சில பெயர்களில் ஒன்று அவருடையது. தந்தை பழனி முத்தையா பிள்ளையும் பெரிய லய வித்துவான். கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையின் மாணவர் அந்தத் தந்தை. இப்படிப்பட்ட வீட்டில் பிறந்த பிள்ளைக்கு ஒரே ஒரு சிக்கல். அவர் இடதுகைக்காரர்.

இடதுகை என்றால் என்ன பெரிய சிக்கல் என்று கேட்பீர்கள். மேடையை நினைத்துப் பாருங்கள். நடுவில் பாடகர். அவருக்கு வலப்பக்கம் மிருதங்கம், இடப்பக்கம் வயலின். மிருதங்கக்காரர் பாடகரைப் பார்த்து உட்காரும்போது, அவர் வலது கை விழுகிற வலந்தலை சபையைப் பார்த்து இருக்கும். நாதம் நேராக நம் காதுக்கு வரும். இடதுகைக்காரர் அதே இடத்தில் உட்கார்ந்தால் வலந்தலை பின்சுவரைப் பார்க்கும். ஆகவே அவர் எதிர்ப்பக்கம் உட்கார வேண்டும். அப்படியென்றால் வயலின்காரர் தன் வழக்கமான இடத்தை விட்டுக் கொடுத்து மாறி உட்கார வேண்டும். எத்தனை பேர் மாறுவார்கள்? ‘இந்தப் பையனுக்காக நான் இடம் மாறுவதா?’ என்ற எண்ணம் அன்றைய மேடைகளில் அவருக்குப் பல கதவுகளைச் சாத்தியது. வாசிப்பில் குறையே இல்லை, உட்காருகிற திசையில்தான் தகராறு! பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர் போன்றவர்கள் தைரியமாகத் தம் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்கள். பிறகு காலம் மாறியது. அவருடைய தொப்பியின் நாதத்தைக் கேட்பதற்கென்றே கூட்டம் வந்தது. இடந்தலையைத்தான் தொப்பி என்கிறோம். அதில் மணிக்கட்டை அழுத்தி இழுக்கும் கும்கி என்ற ஓசை, பேசுவது போல ஏறி இறங்கும். அதில் அவர் வைத்ததுதான் சட்டம் என்று இன்றைக்கும் மிருதங்கக்காரர்கள் சொல்வார்கள். 1962-ல் அவர் மறைந்தார்.

கதை அங்கே முடியவில்லை, தம்பிகளே. இனிமேல்தான் கல்லூரி வருகிறது.

அவரிடம் கற்றவர்களில் இரண்டு பேரை மட்டும் சொல்கிறேன். ஒருவர் த. ரங்கநாதன். பரத நாட்டியத்தின் பெருங்கலைஞர் பாலசரஸ்வதியின் தம்பி. இவர் 1963 முதல் அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் மிருதங்கம் சொல்லிக் கொடுத்தார். அங்கே இந்திய இசையைப் பாடமாகக் கொண்டுவந்தவர் ராபர்ட் பிரௌன் என்ற பேராசிரியர். இவரும் ரங்கநாதனிடம் மிருதங்கம் கற்றவர். இந்த இரண்டு பேரிடமும் வந்து சேர்ந்தார் ஒரு மாணவர். ஜான் ஹிக்கின்ஸ் என்று பெயர். 1939-ல் பிறந்தவர். இளங்கலையில் இசையும் வரலாறும் எடுத்துப் படித்தவர். மேலைநாட்டு முறையில் நன்றாகப் பாடுவார். கர்நாடக இசை என்று ஒன்று உலகத்தில் இருப்பதே கல்லூரி வகுப்பறையில்தான் அவருக்குத் தெரியவருகிறது. கவனியுங்கள். ஐந்து வயதில் தொடங்கவில்லை. பாட்டி மடியில் கேட்கவில்லை. வாயில் நம் மொழியே நுழையாத நாட்டுக்காரர். வகுப்பில் கேட்டார், மனம் பறிகொடுத்தார், தொடங்கினார்.

ரங்கநாதனின் உடன்பிறந்தவர்களில் இன்னொருவர், புல்லாங்குழல் மேதை த. விஸ்வநாதன். அவரிடம் ஹிக்கின்ஸ் வாய்ப்பாட்டு கற்றார். 1960-களின் நடுவில் உதவித்தொகை பெற்றுச் சென்னைக்கே வந்துவிட்டார். வேட்டி கட்டிக்கொண்டு திருவையாற்றில் தியாகராஜ ஆராதனையில் உட்கார்ந்து பாடினார். கண்ணை மூடிக்கொண்டால் அமெரிக்கர் என்று சொல்ல முடியாது என்று ரசிகர்கள் வியந்தார்கள். ‘ஹிக்கின்ஸ் பாகவதர்’ என்று நம்மவர்களே பட்டம் சூட்டினார்கள். வானொலியில், இசைத்தட்டில் அவர் பாட்டு வந்தது. 1984-ல், நாற்பத்தைந்து வயதில், குடித்துவிட்டு வண்டி ஓட்டிய ஒருவனால் சாலையில் உயிரிழந்தார்.

அதற்கு முன்னால் அவர் செய்த காரியம் ஒன்று உண்டு. 1971-ல் கனடாவில், டொராண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தில் இந்திய இசைக்கென்று ஒரு படிப்பைத் தொடங்கினார். துணைக்கு யாரை அழைத்துக்கொண்டார் தெரியுமா? திருச்சி சங்கரனை. அவர் யார்? பழனி சுப்பிரமணிய பிள்ளையிடம் சிறுவனாகச் சேர்ந்து வளர்ந்தவர். நான் சொன்ன இரண்டாவது மாணவர் அவர்தான்! பின்னாளில், 2011-ல், மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது அவரைத் தேடி வந்தது.

பனி கொட்டுகிற டொராண்டோவில், முதலாண்டு மாணவர்கள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ‘த, தி, தொம், நம்’ என்று முதல் பாடம் வாசித்தார்கள். அவர்கள் கைக்கு வந்த பாணிக்குப் பழனி என்று பெயர். அந்தப் பிள்ளைகள் எல்லோரும் மேடைக்கலைஞர் ஆகவில்லை. எல்லோரும் அதற்காகச் சேரவும் இல்லை. வேறு ஏதோ பட்டம் படித்துக்கொண்டு, கூட இதையும் கற்றவர்களும் உண்டு. டொராண்டோ மாணவனுக்கு முதலாண்டில் கிடைத்த பழனி மிருதங்கம், இங்கே ஆயக்குடியிலிருந்து பேருந்தில் பழனிக்குப் போய்ப் படிக்கிற மாணவனுக்குக் கிடைக்கிறதா? கேட்கும்போதே எனக்குத் தொண்டையில் அடைக்கிறது.

ஹிக்கின்ஸ் கதையைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும். ‘அவர் அபூர்வப் பிறவி, நாங்கள் அப்படியா?’ சரி, அபூர்வப் பிறவிகளை விட்டுவிடுவோம். ஒற்றைக் குரலாகப் பாட முடியாதவர்களைப் பற்றிப் பேசுவோம்.

எம்.பி. சீனிவாசன் என்று ஓர் இசையமைப்பாளர். 1960-ல் வந்த ‘பாதை தெரியுது பார்’ படத்துக்கு இசை அமைத்தவர். யேசுதாஸ் அவர்களை முதன்முதலில் சினிமாவில் பாட வைத்தவர். அவரே மாணவர் இயக்கத்தில் இருந்து வந்தவர். சினிமாவில் அவர் செய்ததைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அவருடைய சேர்ந்திசை. 1970-களின் தொடக்கத்தில் சென்னையில் இளைஞர்களைத் திரட்டிச் சேர்ந்திசைக் குழு கட்டினார். வங்கியில் வேலை பார்க்கிறவர், கல்லூரி மாணவி, ஆசிரியர் என்று எல்லோரும் அதில். சங்கீதம் கற்றவர்கள்தான் வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரு வரியை ஆண்கள் கீழே பிடிக்க, பெண்கள் அதே நேரத்தில் வேறு சுரத்தில் மேலே பிடிக்க, நடுவில் இன்னொரு குரல் ஓட, நம் மொழிப் பாட்டையே அடுக்கடுக்காகப் பாட வைத்தார். ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகளை ஒரே மைதானத்தில் நிறுத்திப் பாட வைத்த மனிதர் அவர். 1988-ல் லட்சத்தீவுக்குச் சேர்ந்திசை நிகழ்ச்சிக்காகப் போன இடத்தில்தான் உயிர் பிரிந்தது.

சேர்ந்திசையில் நிற்பது எப்படி இருக்கும் தெரியுமா? உங்களுக்குச் சுருதி தெரியாது. பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியும். முதல் நாள் அவர் குரல்மேல் சாய்ந்துகொண்டு பாடுவீர்கள். பத்தாவது நாள் நீங்கள் எங்கே விலகுகிறீர்கள் என்பது உங்களுக்கே கேட்கும். ஒரு மாதம் கழித்துப் புதிதாக வந்த இன்னொருத்தி உங்கள் குரல்மேல் சாய்ந்துகொண்டு பாடுவாள். இந்த ஊர்த் தோட்டக்காரர்களுக்குப் பதியன் தெரியும். கொய்யாக் கிளையை வெட்டி எடுத்தா நடுகிறீர்கள்? தாய்மரத்தில் இருக்கும்போதே பட்டையைச் சீவி, மண்ணை வைத்துக் கட்டி, அங்கேயே வேர் விட வைத்து, பிறகுதானே பிரிக்கிறீர்கள்? சேர்ந்திசை அதைத்தான் செய்கிறது. தனியாக நிற்கச் சொல்லி முதல் நாளே மைக்கைக் கையில் திணிப்பது, கிளையை ஒடித்துக் காய்ந்த மண்ணில் குத்துவது!

ஆகவே தங்கைகளே, உங்கள் கல்லூரியில் சேர்ந்திசைக் குழு இருந்தால் முதல் வாரமே பெயர் கொடுங்கள். இல்லையென்றால் பத்துப் பேர் சேர்ந்து தொடங்குங்கள். பத்துப் பேர் போதும். தமிழ்த்தாய் வாழ்த்தை மூன்று குரலில் பாடிப் பழகுங்கள். கல்லூரி விழாவில் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு எல்லோரும் வாய்மூடி நிற்கிறோமே, அதைவிட நூறு மடங்கு மேல்.

அடுத்து ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சிலருக்குக் கசக்கும்.

இசை என்றதும் கர்நாடக இசை, இல்லையென்றால் சினிமா. இந்த இரண்டோடு நம் கல்லூரிகளின் கலைவிழா முடிந்துவிடுகிறது. தம் தாத்தா அடித்த பறையைப் பற்றி வாய் திறக்க அஞ்சுகிற பிள்ளைகள் எத்தனை பேர் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள்? ஊரில் சாவு விழுந்தால் அடிக்கச் சொல்லி, கூலியும் சரியாகக் கொடுக்காமல், வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்த சமூகம் நம்முடையது. அந்த வடு வாத்தியத்தின் மேல் படிந்துவிட்டது. வாத்தியம் என்ன பாவம் செய்தது?

இதே திண்டுக்கல்லில், 1990-ல், சக்தி கலைக்குழு என்று ஒன்று தொடங்கினார்கள். சகோதரி சந்திரா என்ற கன்னித்துறவி முன்னின்று நடத்தியது. ஒடுக்கப்பட்ட குடும்பங்களின் இளம்பெண்கள் பறையைக் கையில் எடுத்தார்கள். ஆண்கள் மட்டும் அடித்து வந்த பறை! அதைத் தோளில் மாட்டிக்கொண்டு, வரிசையாக நின்று, காலும் கையும் ஒன்றாக விழ அந்தப் பெண்கள் ஆடுவதைப் பார்த்தவர்கள், பறையைப் பற்றி அதற்கு முன்பு நினைத்ததை மறுபடி நினைக்க மாட்டார்கள். மதுரைப் பக்கம் அலங்காநல்லூரில் வேலு ஆசான். கல்லூரி மாணவர்கள், மென்பொருள் வேலை பார்க்கிறவர்கள் என்று ஊர் ஊராகப் பறை கற்பித்தவர். 2025-ல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள்.

பறையை அருகில் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? வட்டமான மரச்சட்டத்தில், ஒரு பக்கம் மட்டும் தோலை இழுத்து ஒட்டியது. வலது கையில் குட்டையாக, தடிமனாக ஒரு குச்சி. இடது கையில் நீளமாக, மெல்லிசாக ஒரு குச்சி. தடித்தது விழுந்தால் அதிர்வு, மெலிந்தது விழுந்தால் சிதறல். மழைக்காலத்தில் தோல் தளர்ந்து போகும். அப்போது வைக்கோலையோ காகிதத்தையோ கொளுத்தி, அந்தத் தணலில் பறையைத் திருப்பித் திருப்பிக் காட்டுவார்கள். நடுவில் விரலால் ஒரு தட்டு. பத்தவில்லை. இன்னும் கொஞ்சம் காட்டு. மறுபடி தட்டு. ‘டண்’ என்று வந்துவிட்டதா, எடு! மின்சாரம் வேண்டாம், மைக் வேண்டாம். திறந்தவெளியில் எவ்வளவு பெரிய கூட்டத்துக்கும் கேட்கும். முதலாண்டு மாணவர்கள் தொடங்குவதற்கு இதைவிடச் சுலபமான வாத்தியம் எனக்குத் தெரியவில்லை. சுலபமானது கையில் எடுப்பது மட்டும்தான். அடவும் அடியும் ஒன்றாக விழுவதற்கு மாதக்கணக்கில் வியர்க்க வேண்டும்.

ஒரு நிபந்தனை மட்டும். யாருடைய வாத்தியமோ அவர்களிடமே போய்க் கற்றுக்கொள்ளுங்கள். அவர்களைக் கல்லூரிக்குள் ஆசானாக அழைத்து வாருங்கள். நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். தட்சிணையை உறையில் போட்டு மேடையில் கொடுங்கள். பின்வாசலில் கணக்குப் பார்க்காதீர்கள்.

பின்வரிசையில் ஓர் ஐயா முகம் எனக்குத் தெரிகிறது. ‘இதெல்லாம் சரி, படிப்பு என்னாவது?’ அந்தக் கேள்விதானே? நியாயமான கேள்வி. அதுவும் ஆயக்குடியில்! அரசுத் தேர்வுக்கு இலவசமாகப் பயிற்சி கொடுக்கிற ஊர் என்று தமிழ்நாடே இந்த ஊரைச் சொல்கிறது. எங்கெங்கிருந்தோ பிள்ளைகள் வார இறுதியில் வந்து, தரையில் உட்கார்ந்து படித்துவிட்டுப் போகிறார்கள். அந்த ஊரில் வந்து நின்று படிப்பைக் குறைத்துப் பேசினால் என்னை பஸ் ஏற்றி அனுப்பிவிடுவீர்கள்.

நான் குறைத்துப் பேசவில்லை. படிப்பும் பாட்டும் கூடவே போகலாம் என்கிறேன். எஸ்.பி. பாலசுப்ரமணியம் பொறியியல் படிக்கப் போனவர். அனந்தபூரில் சேர்ந்து, டைபாய்டு காய்ச்சலால் அதை விட்டு, சென்னைக்கு வந்து மறுபடி பொறியியலில்தான் சேர்ந்தார். படித்துக்கொண்டே 1964-ல் ஒரு பாட்டுப் போட்டியில் முதல் பரிசு வாங்கினார். ஒரு மெல்லிசைக் குழுவும் நடத்தினார். அந்தக் குழுவில் வாசித்தவர்கள் யார்? நம் பழனி மலைத்தொடருக்குத் தெற்கே பண்ணைப்புரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள். இளையராஜா, பாஸ்கர், கங்கை அமரன்! ஒரு மாணவனின் பொழுதுபோக்குக் குழு என்று அன்றைக்கு யாராவது அலட்சியமாகச் சொல்லியிருப்பார்கள்.

உடனே ‘என் பிள்ளையும் எஸ்.பி.பி. ஆகிவிடுவான்’ என்று கணக்குப் போடாதீர்கள். ஆக மாட்டான். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் ஆக மாட்டார்கள். கிராம நிர்வாக அலுவலர் ஆவான், செவிலியர் ஆவாள், கடை வைப்பான். ஆகட்டும்! நான் கேட்பது பிழைப்புக்கு வழி அல்ல. வேலை கிடைத்து, ஊர் பெயர் தெரியாத இடத்தில் தனியறை எடுத்துத் தங்குகிற காலம் வருகிறது. அந்த மாலைப் பொழுதில் கைபேசியைத் தேய்த்துக்கொண்டே தூங்கிப்போகப் போகிறானா, அல்லது எழுந்து போய் அந்த ஊரில் பாடுகிற நான்கு பேரைத் தேடிப் பிடிக்கப் போகிறானா? இது கல்லூரியின் முதலாண்டில் தீர்மானமாகிவிடுகிறது என்பது இத்தனை ஆண்டுகளில் நான் கண்டது. மூன்றாமாண்டில் வந்து ‘சார், நானும் சேரலாமா?’ என்று கேட்ட பிள்ளைகளைப் பார்த்து நான் வருந்தியிருக்கிறேன். சேர்த்துக்கொண்டேன். ஆனால் அதற்குள் பிராஜெக்ட் வந்துவிடும், வேலைத் தேர்வு வந்துவிடும்.

இசையையே பட்டமாகப் படிக்க வேண்டும் என்று தோன்றுகிற ஒன்றிரண்டு பேருக்கும் வழி இருக்கிறது. சென்னை, மதுரை, கோயம்புத்தூர், திருவையாறு ஆகிய ஊர்களில் அரசு இசைக் கல்லூரிகள் இருக்கின்றன. பழனியில் தேவஸ்தானமே நாதஸ்வரமும் தவிலும் கற்பிக்கிறது. அவர்களைத் தடுக்காதீர்கள்.

மற்றவர்களுக்கு, எப்படித் தொடங்குவது? சிலவற்றைச் சொல்கிறேன்.

வாத்தியம் வாங்க ஓடாதீர்கள். ஆர்வத்தில் கிட்டார் வாங்கி, மூன்றாம் மாதம் அலமாரி மேல் ஏற்றி வைத்த வீடுகள் நிறைய. முதலில் குரல், கை, தாளம். சுருதிப் பெட்டிக்குச் செலவு வேண்டாம், கைபேசியில் செயலியாக இலவசமாக வருகிறது. அதைப் போட்டுவிட்டு, காலையில் கால் மணி நேரம் ஒரே சுரத்தில் குரலை நிறுத்திப் பழகுங்கள். சலிக்கும். சலிப்பு வந்தபிறகு பாடுகிற ஐந்து நிமிடம்தான் பயிற்சி.

யூடியூபில் கற்கலாமா என்று கேட்பார்கள். கேட்கலாம், பார்க்கலாம். உங்கள் மணிக்கட்டு வளைந்திருக்கிறது என்று அது சொல்லாது. ஆசானிடம் போங்கள். நன்றாக வாசிக்கிற சீனியரே ஆசான்தான். மிருதங்கம் கற்பவர் முதல் மாதம் என்ன செய்வார் என்று நினைக்கிறீர்கள்? ரவை பிசைவார்! வறுக்காத ரவையைத் தண்ணீர் விட்டு உருட்டிப் பிசைந்து, தொப்பியின் நடுவில் அப்பி, விரலால் வட்டமாகப் பரப்ப வேண்டும். கூடினால் நாதம் செத்துப்போகும். குறைந்தால் தகரம் போலக் கத்தும். வாசித்து முடித்ததும் சுரண்டி எடுத்துவிட வேண்டும். இதைச் சரியாகச் செய்யத் தெரிந்த அன்றைக்கு, காது பாதி திறந்துவிட்டது என்று பொருள். ஹாஸ்டல் சமையல்காரரிடம் ஒரு கை ரவை கேட்டு வாங்கி வந்த ஒரு மாணவன் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறான். அவர் உப்புமாவுக்கா என்று கேட்டாராம்.

மேடைக்கு அவசரப்படாதீர்கள். முதலாண்டு முழுவதும் கூட்டத்தோடு பாடுங்கள், கூட்டத்தோடு அடியுங்கள். மற்ற குழுவுக்கு நாற்காலி தூக்குங்கள், ஒயர் சுற்றிக் கொடுங்கள். ஒத்திகையில் சும்மா உட்கார்ந்து கேட்பதும் கற்பதுதான்.

கடைசியாக ஒன்று. இது மாணவர்களுக்கு அல்ல, பெற்றோருக்கும், வந்திருக்கும் கல்லூரி ஆசிரியர்களுக்கும்.

இந்த ஊர்களின் பிள்ளைகளை இசையிலிருந்து விலக்குவது எது? நான் பார்த்தவரை திறமைக் குறைவு இல்லை, பணமும்கூட இல்லை. பேருந்துதான்! வகுப்பு முடிவது மாலையில். ஒத்திகை தொடங்குவது அதற்குப் பிறகு. நகரத்துப் பிள்ளை இருந்து பாடிவிட்டுப் போகிறது. நம் பிள்ளை கடிகாரத்தைப் பார்த்து, பையை எடுத்துக்கொண்டு, பாட்டின் நடுவில் எழுந்து ஓடுகிறது. பெண்பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம். ஒரு நாள் இருட்டிவிட்டால் வீட்டில் விசாரணை, மறுநாள் ‘பாட்டெல்லாம் வேண்டாம்’ என்று தீர்ப்பு. நல்ல குரல் உள்ள எத்தனை மாணவிகள் இப்படிப் பாதியில் நின்றார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஆசிரியர்களே, ஒத்திகையை மதிய இடைவேளைக்குக் கொண்டுவாருங்கள். வாரம் இரண்டு நாள், முக்கால் மணி நேரம். சாப்பாட்டை அங்கேயே சாப்பிடட்டும். தாய்மார்களே, மாதத்தில் ஒரு நாள், விழா நாள், பிள்ளை தாமதமாக வந்தால் பேருந்து நிறுத்தத்துக்கு யாராவது ஒருவர் போய் நில்லுங்கள். முடிந்தால் விழாவுக்கே வாருங்கள்.

ஊர்ப் பெரியவர்களே, அரசுத் தேர்வுக்கு எத்தனை ஆயிரம் பேரை உட்கார வைத்த ஊர் இது. அதே சனி, ஞாயிறு. அதே தரை. காலையில் பாடம் படித்துக் கலைகிற பிள்ளைகளில் விருப்பமுள்ளவர்கள் மாலையில் ஒரு மணி நேரம் தாளம் போடட்டுமே! பழனியிலிருந்து ஒரு தவில் ஆசானையும், திண்டுக்கல்லிலிருந்து ஒரு பறை ஆசானையும் மாறி மாறி அழைத்து வாருங்கள். ஆசானுக்குப் பேருந்துக் கட்டணமும் ஒரு வேளைச் சாப்பாடும் மரியாதையான ஒரு தொகையும் வேண்டும். அதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு வாசலில் வைத்திருக்கிறேன். முதல் பெயரும் முதல் தொகையும் என்னுடையது. மாணவர்கள் பணம் போட வேண்டாம், பெயரை மட்டும் எழுதுங்கள். எதிரே எந்த வாத்தியம் என்று ஒரு கட்டம் இருக்கும். தெரியாவிட்டால் ‘தெரியாது’ என்றே எழுதலாம்.